கடலுக்குத் தரை உண்டா?

தரை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எது வந்து நிற்கிறது? சமமானது; அசையாதது; காலுக்குக் கீழே கிடப்பது. காலையில் பெருக்குகிறோம், சனிக்கிழமை கழுவி விடுகிறோம். கையிலிருந்து நழுவியது எதுவானாலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் தரைதான். தரைக்கு உயிர் உண்டென்றோ வயது உண்டென்றோ நாம் நினைப்பதில்லை. இப்படிப்பட்ட ஒரு சொல்லை எடுத்து, பூமியின் பெரும்பகுதிக்குப் பெயராகச் சூட்டி, ‘கடல் தரை’ என்று கூறி வருகிறோம். ஆங்கிலத்திலும் இதே கதைதான். வீட்டுத் தரைக்குச் சொல்லும் ‘ஃப்ளோர்’ என்ற சொல்லையே சமுத்திரத்துக்கும் சொல்லுகிறார்கள்.

ஒரு சொல்லுக்காக இத்தனை வாதம் எதற்கு என்று தோழியர் கேட்கலாம். ஓர் இடத்தை நாம் எப்படி அழைக்கிறோமோ, அப்படித்தான் அதை நடத்தவும் செய்வோம் என்பது நமது கருத்து. குப்பைமேடு என்று பெயர் பெற்ற இடத்தில் யாரும் பூச்செடி நடுவதில்லை. அதிலும் இது, அந்தத் தரையைப் பெருக்கி அள்ளுவதற்கு இயந்திரங்கள் செய்துவைத்துக் காத்திருக்கும் காலம். ஆகவே அச்சொல்லின் பொருளைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலை ஆகாது.

சாதாரணமாகப் பேசும்போது, கடல்நீருக்கு அடியில் கிடப்பது எல்லாமே கடல் தரைதான். அலை வந்து மோதும்போது நம் விரலிடுக்கில் நழுவுகிறதே மணல், அதுவும் கடல் தரை. பசிபிக் சமுத்திரத்தில் மரியானா அகழியில் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில் படிந்திருக்கும் சேறும் கடல் தரை. ஆனால் பூமியின் அமைப்பை ஆராய்பவர்கள் இதனை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் கணக்கே வேறு.

சோழமண்டலக் கரையில் நின்றுகொண்டு, கடல்நீர் முழுவதும் வற்றிவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டு, கிழக்கு நோக்கி நடப்போம். (செருப்பு போட்டுக்கொள்வது நல்லது, சிப்பி குத்தும்.) முதலில் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இறக்கமே தெரியாது. இதற்குக் கண்டத்திட்டு என்று பெயர். இது உண்மையில் கடலே அன்று; முழுகிப்போன நிலம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்பொழுது இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே தோணியே தேவைப்பட்டிராது, நடந்தே போயிருக்கலாம். திட்டின் விளிம்பைத் தாண்டியதும் கண்டச்சரிவு. மலை இறங்குவதுபோல் இறங்கி, 3,000 மீட்டருக்கும் கீழே போகிறோம். அங்கேதான், சரிவும் அதன் அடிவாரமும் முடிந்த பிறகுதான், சமுத்திரத்தின் சொந்தத் தரை தொடங்குகிறது. கண்டங்களின் பாறை வேறு. இங்குள்ள பாறை வேறு. இது எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை. கண்டங்களின் மேலோடு ஏறத்தாழ 35 அல்லது 40 கிலோமீட்டர் கனம் என்றால், கடலடி மேலோடு ஏழு கிலோமீட்டர்தான்.

வங்கக் கடலிலோ அந்தக் கரும்பாறையைத் தொட வேண்டுமானால் இன்னும் தோண்ட வேண்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் விரிந்து, இலங்கையையும் தாண்டி, பூமத்திய ரேகைக்கு அப்பாலும் போய்க் கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி இதுவே. இமயமலையை நேரில் காணும் பேறு நமக்கு இன்னும் கிட்டவில்லை. அதன் தூள் நம் கரைக்கு முன்னாலேயே கிடக்கிறது என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது.

சரி, இவ்வளவு ஆழத்தில் உள்ளதை மனிதன் எப்படி அறிந்தான்? வெகு காலம் கயிறும் ஈயக்குண்டுமே கருவிகள். வேதாகமத்தில் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். புனித பவுல் உரோமைக்குக் கைதியாகச் செல்லும் கப்பல் புயலில் சிக்குகிறது. நள்ளிரவில், கரை நெருங்குகிறதோ என்று ஐயுற்ற மாலுமிகள் கயிற்றை இறக்கி அளக்கிறார்கள். முதலில் இருபது பாகம். சற்றுத் தள்ளி அளந்தால் பதினைந்து பாகம். தரை ஏறி வருகிறது என்று கண்டு, பாறையில் மோதிவிடுவோமோ என அஞ்சி நங்கூரம் பாய்ச்சுகிறார்கள். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். நம் கடலோர ஊர்களில் இன்றும் அதே அளவைத்தான் சொல்லுகிறார்கள். யோனா ஆகமத்திலோ, கடலில் எறியப்பட்டவர் மலைகளின் அடிவாரம்வரை தாம் இறங்கியதாக மன்றாடுகிறார். கடலுக்குள் மலை உண்டென்று விஞ்ஞானிகள் கண்டறிந்தது எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பின்னர்.

1872 முதல் 1876 வரை ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களை எல்லாம் சுற்றி ஆராய்ந்தது. அவர்களிடமும் இருந்தது சணல் கயிறும் எடைக்குண்டும்தான். 1875-இல் மரியானா அகழிப் பக்கம் அவர்கள் இறக்கிய கயிறு எட்டு கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் தரையைத் தொட்டது. ஒரே ஓர் இடத்தில் அளக்கப் பல மணி நேரம். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்திப் பார்த்தால் என்ன தெரியும்? திருச்சி மலைக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து என்று அளந்தால், ஊர் முழுவதும் சமதரை என்றுதானே முடிவு கட்டுவோம்? கடலையும் அவ்வாறே முடிவு கட்டினார்கள். தரை என்ற சொல் நிலைத்தும் போயிற்று.

பிறகு ஒலியைக் கொண்டு அளக்கும் முறை வந்தது. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி நான்கு விநாடியில் எதிரொலித்துத் திரும்பினால் ஆழம் 3,000 மீட்டர். நம் பௌதிகப் பாடக் கணக்கேதான் இது. கப்பல் போகப் போக எண்கள் குவிந்தன. ஆனால் எண்கள் படம் ஆகிவிடுமா? யாராவது உட்கார்ந்து வரைய வேண்டும் அல்லவா?

அங்கேதான் மேரி தார்ப் அம்மையார் வருகிறார். நம் பள்ளியில் ஒவ்வொரு மாணவிக்கும் இவருடைய பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று துணிந்து சொல்லுவோம். 1920-இல் அமெரிக்காவில் பிறந்தவர். பூகர்ப்ப இயலும் கணிதமும் கற்றவர். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் ஆராய்ச்சிக் கப்பலில் பெண்களை ஏற்றுவதில்லை. புரூஸ் ஹீசன் என்ற ஆண் விஞ்ஞானி கப்பலில் போய் அளவுகளைக் கொண்டுவருவார். மேரி தார்ப் கரையில் மேசைமுன் அமர்ந்து, எண் எண்ணாகக் குறித்து, கோடு கோடாக வரைவார். 1950-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கு வெட்டுப் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, சமுத்திரத்தின் நடுவில் ஓடும் மலைத்தொடரின் முகட்டில், எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரியான ஒரு பள்ளம் இருப்பதைக் கண்டார். மலை உச்சியில் பள்ளத்தாக்கு! பூமி அங்கே பிளந்து விலகுகிறது என்பதல்லாமல் அதற்கு வேறு விளக்கம் ஏது?

ஹீசனிடம் சொன்னார். அவர் அதைப் ‘பெண்பிள்ளைப் பேச்சு’ என்று தள்ளிவிட்டார். கண்டங்கள் நகருகின்றன என்று சொல்பவர்களை விஞ்ஞானிகளே கேலி செய்த காலம் அது. அம்மையார் சண்டை போடவில்லை, வரைந்துகொண்டே இருந்தார். அதே நிலையத்தில் இன்னொருவர் கடலடி நிலநடுக்கங்கள் உண்டான இடங்களைப் புள்ளியிட்டு வந்தார். இரண்டு படங்களையும் ஒப்பிட்டபோது, புள்ளிகள் அந்தப் பள்ளத்தின்மேலேயே வரிசையாக விழுந்தன. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் ஹீசன் ஒப்புக்கொண்டார். அந்தப் படம் பொய் என்று நிரூபிக்க நினைத்த கடலாராய்ச்சியாளர் ழாக் கூஸ்தோ, தம் கப்பலிலிருந்து புகைப்படக் கருவியைக் கடலுக்குள் இறக்கிப் பார்த்தார். பள்ளம் இருந்தது! 1959-இல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் அந்தப் படத்தைத் தாமே போட்டுக் காட்டினார். மேரி தார்ப் ஆராய்ச்சிக் கப்பலில் ஏற முடிந்ததோ 1960-களில்தான். உலக சமுத்திரங்கள் அனைத்தின் அடிப்பரப்பையும் காட்டும் இவர்களது பெரிய வரைபடம் 1977-இல் முற்றுப்பெற்றது. அதே ஆண்டில் ஹீசன் காலமானார்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ‘தரை’ என்று சொல்ல வாய் வராது. சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மலைத்தொடர், கிரிக்கெட் பந்தின் தையல்போல் பூமியைச் சுற்றி ஓடுகிறது. எவரெஸ்டை உள்ளே வைத்தாலும் உச்சிக்குமேல் இரண்டு கிலோமீட்டர் தண்ணீர் நிற்கக்கூடிய அகழி இருக்கிறது. சமவெளிகளும் உண்டு, பூமியிலேயே மிகச் சமமான இடங்கள் அவைதாம். அவையும் இயற்கையாகச் சமமானவை அல்ல. கீழே உள்ள மேடுபள்ளங்களை, ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் விழும் வண்டல் மூடியிருக்கிறது.

அசையாதது என்பதும் பொய்த்தது. மலைத்தொடரின் பிளவில் புதுப் பாறை உண்டாகி இருபுறமும் விலகிச் செல்ல, அகழிகளில் பழைய பாறை உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. இதற்குப் பெரிய சான்று நம் அரபிக்கடல் பக்கம் கிடைத்தது. அங்குள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின்மேல் 1962-இல் எடுத்த காந்த அளவுகளை வைத்துத்தான், வைன், மேத்யூஸ் என்ற இருவர் 1963-இல் கடல் தரை விரிகிறது என்பதை விளக்கினார்கள். இந்த உருட்டலினால், கடலடிப் பாறையில் 18 கோடி ஆண்டுக்கு மேற்பட்டதைக் காண்பது அரிது. கண்டங்களிலோ 400 கோடி ஆண்டுப் பாறைகள் உண்டு. தரை, சுவரைவிட வயதில் இளையது! எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இருப்பதோ கடற்பிராணிகளின் எச்சம் கலந்த சுண்ணாம்புக்கல். ஒரு காலத்துக் கடலடி இன்று உலகின் கூரையாக இருக்கிறது.

அது அசையும் என்பதை நம் கரையோரத்து மக்களுக்குப் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. நாம் பிறப்பதற்கு முன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு மேற்கே, சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி முறிந்து, சில இடங்களில் பல மீட்டர் மேலே எழும்பியது. எழும்பிய தரை தண்ணீரைத் தூக்கியது. இரண்டரை மணி நேரத்துக்குள் அந்த நீர் நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்துவிட்டது. திருயாத்திரைக்கு வந்திருந்தவர்களும் கரையிலிருந்த மீனவக் குடும்பங்களும் எத்தனை பேர் மாண்டனர் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்லுகிறார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு செய்தி வந்திருந்தால் எவ்வளவு பேர் பிழைத்திருப்பார்கள்! 2007 முதல் ஹைதராபாத்தில் ஓர் எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. ஆழ்கடலின் அடியில் அழுத்தமானிகளை வைத்து, நீரின் எடை மாறுவதைக்கொண்டு அலையைக் கண்டுபிடிக்கிறார்கள். கடலடியை அறிவது பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

உயிரற்றது என்ற எண்ணத்தையும் பார்த்துவிடுவோம். 1840-களில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர், 300 பாகத்துக்குக் கீழே உயிரினமே இராது என்று கருதினார். இருட்டு, குளிர், நசுக்கும் அழுத்தம்; அங்கே யார் வாழ்வார்? நியாயமான எண்ணந்தான். சேலஞ்சர் கப்பலின் வலைகள் அதைப் பொய்யாக்கின. 1977-இல் கலபகோஸ் தீவுகளுக்கு அருகே, 2,500 மீட்டர் ஆழத்தில், பிளவிலிருந்து வெந்நீர் ஊற்றெடுக்கும் இடத்தில், சூரிய ஒளியையே நம்பாமல் வாழும் ஒரு கூட்டத்தைக் கண்டார்கள். பூமிக்குள்ளிருந்து வரும் இரசாயனப் பொருள்களை உணவாக மாற்றும் நுண்ணுயிர்கள். அவற்றைத் தம் உடலுக்குள்ளேயே குடியேற்றி வாழும், ஆளுயரத்துக்கு வளரும் குழல் புழுக்கள். எல்லா உயிரும் சூரியனையே நம்பி வாழ்கிறது என்று அதுவரை எழுதியிருந்த பாடங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆண்டவர் நம் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் சும்மா இருக்கவில்லை போலும்.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

ஆழ்கடல் சமவெளிகளில், 4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்தில், உருளைக்கிழங்குபோல் கருத்த உருண்டைகள் கிடக்கின்றன. சேலஞ்சர் கப்பல் அக்காலத்திலேயே இவற்றை அள்ளி வந்தது. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகிய உலோகங்கள் இவற்றில் உண்டு. மின்கலங்களுக்கு இவை வேண்டும். ஒரு சுறாவின் பல்லையோ சிப்பித் துண்டையோ சுற்றி, பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் இவை வளருகின்றன. ஓர் உருண்டையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் இன்னொன்று விளைவதற்கு மனித குலமே காத்திருக்க முடியாது.

இவை யாருக்குச் சொந்தம்? இங்கே சொல்லின் பொருள் மறுபடியும் வருகிறது. சட்டம் போடும் எல்லை, பாறை போடும் எல்லை அன்று. கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள கடலடி அந்தந்த நாட்டுக்கு உரியது. கண்டத்திட்டு நீண்டிருந்தால் இன்னும் சற்றுத் தூரம் கேட்கலாம். அதற்கும் அப்பால் உள்ளதற்குச் சட்டத்தில் வெறுமனே ‘பகுதி’ என்று பெயர். (இதைவிடச் சுவையற்ற பெயரைத் தேடினாலும் கிடைக்காது.) புனித பவுலின் கப்பல் உடைந்து கரையொதுங்கிய மால்டா தீவை நாம் அறிவோம். அச்சிறிய நாட்டின் தூதராக ஐக்கிய நாடுகள் சபையில் இருந்த ஆர்விட் பார்டோ, 1967 நவம்பர் 1-ஆம் நாள் எழுந்து, அந்தக் கடலடி எந்த நாட்டுக்கும் உரியதன்று, மனித குலம் அனைத்துக்கும் பொதுவான உடைமை ஆக வேண்டும் என்று வாதாடினார். 1982-இல் உருவான கடற்சட்ட உடன்படிக்கையில் அக்கொள்கை எழுதப்பட்டது. 1994-இல் நடைமுறைக்கும் வந்தது. அதைக் கவனிக்கும் ஆணையம் ஜமைக்கா நாட்டில் கிங்ஸ்டன் நகரில் உள்ளது. நம் இந்தியாவும் 2002-இல் அந்த ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்து, இந்தியப் பெருங்கடலின் நடுவில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவ்வுருண்டைகளை ஆராயும் உரிமை பெற்றது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூவரை 6,000 மீட்டருக்கு இறக்கக்கூடிய ‘மத்ஸ்யா 6000’ என்ற கலத்தை உருவாக்கும் பணியை மேற்கொண்டது. 2025 ஆகஸ்டில் நம் நாட்டவர் ஒருவர் பிரெஞ்சு நாட்டுக் கலத்தில் 5,002 மீட்டர் வரை இறங்கித் திரும்பினார். இவற்றில் நமக்குப் பெருமையே தவிர வருத்தம் இல்லை. இறங்கிப் பார்ப்பது வேறு, அள்ளி எடுப்பது வேறு என்பதுதான் நமது வாதம்.

அள்ளுவதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். நிலத்தில் சுரங்கம் தோண்டினால் காடு அழிகிறது. மலைவாழ் மக்கள் இடம்பெயருகிறார்கள். சில நாடுகளில் நம்மைவிடச் சிறிய பிள்ளைகள் கோபால்ட் குழியில் வேலை செய்கிறார்கள். கடலடியிலோ குடிசையும் இல்லை, குழந்தையும் இல்லை. புகை விடாத வண்டி வேண்டுமானால் உலோகம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் வகுப்பில் இதைப் பற்றி விவாதித்தபோது பாதிப் பேர் அந்தப் பக்கமே பேசினார்கள்.

ஆயினும் நாம் கேட்பது இதுதான்: அங்கே யாரும் இல்லை என்று எப்படித் தெரியும்? 1989-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் பெரு நாட்டுக்கு அப்பால், 4,000 மீட்டருக்கும் கீழே ஓரிடத்தை உழுது பார்த்தார்கள். 26 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஏர் ஓடிய சால் நேற்று உழுததுபோல் இருந்தது. நம் வயலில் ஒரு மழைக்குத் தாங்காத சால், அங்கே ஒரு தலைமுறைக்கு நிற்கிறது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே உருண்டைகள் நிறைந்த பகுதியில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிராணியினங்கள் இருக்கக் கண்டு, 2023-இல் கணக்கு வெளியிட்டார்கள். அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு இன்னும் பெயர்கூட இடப்படவில்லை. பல பிராணிகளுக்கு ஒட்டி வாழ அந்த உருண்டையை விட்டால் வேறு கெட்டியான இடமே கிடையாது. 2025 ஜூன் வரை, உலகக் கடலடியில் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நவீன முறையில் அளக்கப்பட்டிருக்கிறது. ஆழ்கடலடியில் மனிதர் கண்ணாலோ கருவியாலோ நேரில் பார்த்தது ஒரு சதவீதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று அதே ஆண்டில் ஓர் ஆய்வு கூறிற்று. பார்க்காத வீட்டில் யாரும் குடியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எந்த ஊர் நியாயம்?

முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், போதுமான ஆராய்ச்சி நடக்கும்வரை பொறுத்திருப்போம் என்று கேட்டிருக்கின்றன. 2025 ஜூலையில் கிங்ஸ்டனில் கூடியபோதும் சுரங்க விதிகள் முடிவாகவில்லை. கடற்சட்ட உடன்படிக்கையில் சேராத அமெரிக்காவோ, அதே ஆண்டு ஏப்ரலில், தன் சொந்தச் சட்டப்படியே அனுமதி வழங்குவதை விரைவுபடுத்த ஆணையிட்டது. பொது உடைமை என்ற சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள் வேறு போலும். நம் நாடு பொறுத்திருப்போம் என்போர் பக்கம் சேர வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பள்ளி மாணவிகளின் அபிப்பிராயத்தை யார் கேட்பார்கள் என்று வீட்டில் சிரித்தார்கள். பெண்பிள்ளைப் பேச்சு என்று முதலில் தள்ளப்பட்டது என்ன ஆயிற்று என்பதை மேலே எழுதியிருக்கிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலில் பூமியை நமது பொது இல்லம் என்று அழைத்தார். அப்படியானால் இல்லத்துக்குத் தரை இருப்பது சரிதானே, நீங்கள் ஏன் அந்தச் சொல்லோடு சண்டை போடுகிறீர்கள் என்று சிஸ்டர் ஒருவர் நம்மை மடக்கினார்கள். யோசித்துப் பார்த்தோம். பொது இல்லத்தின் தரை என்றால், அதைப் பெயர்த்தெடுக்க வீட்டார் அனைவரையும் கேட்க வேண்டும் அல்லவா? அந்தப் பொருளில் சொல்வதானால் நமக்குச் சம்மதமே. மற்றபடி ‘கடலடி நிலம்’ என்று சொல்வதையே விரும்புகிறோம். நிலம் என்றால் மலை உண்டு, பள்ளம் உண்டு, குடியிருப்போர் உண்டு. குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து நிலங்களைப் படிக்கிறோம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்கிறோம். கடலுக்கு அடியில் உள்ள இடத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா?

ஒரு வகையில் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன, நாம்தான் கேட்கவில்லை. தூத்துக்குடிக் கடலில் பாறைப்பாங்கான கடலடியைப் ‘பார்’ என்பார்கள். முத்துச் சிப்பி விளைந்த முத்துப் பார்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. தோலாயிரம் பார் அவற்றில் ஒன்று. 1961-க்குப் பிறகு அங்கு முத்துக்குளிப்பு நடக்கவில்லையாயினும் பெயர்கள் அழியவில்லை. பார் எங்கே, மணல் எங்கே, சேறு எங்கே என்று பார்த்தே வலை போடுகிறார்கள். அடிமட்டத்தை வழித்துக்கொண்டு போகும் இழுவைமடிக்கு இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. அதற்கு எல்லாமே தரை. கடற்புல், சங்கு, சிறு குஞ்சு எல்லாம் ஒரே வாரில் வந்துவிடும். விசைப்படகில் போகிறவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு, கடன் உண்டு என்பதால் இதில் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தைரியம் இல்லை. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக்களுக்கென்று ஒதுக்கியது நல்ல தொடக்கம். கடற்பசு மேய்வதற்குக் கடற்புல் வேண்டும். கடற்புல் வேர்விட வழிக்கப்படாத நிலம் வேண்டும்.

கடைசியாக நம் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம். பூகோள அறையில் தொங்கும் உலகப் படத்தில் கண்டங்களுக்குப் பச்சையும் மஞ்சளும் பழுப்புமாக எத்தனை வண்ணங்கள்! கடல் முழுவதற்கும் ஒரே நீலம். அதற்குப் பக்கத்தில், 1977-இல் வெளிவந்த அந்தக் கடலடிப் படத்தின் பிரதி ஒன்றை மாட்ட வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால் அடுத்த ஆண்டு வகுப்புகளுக்குக் கிடைக்கும். அதில் நம் பார்களின் பெயர் ஒன்றுகூட இராது. அதற்காகக் கடலோர ஊர்களிலிருந்து வரும் தோழியர் ஐவர், வீட்டில் அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டு, எத்தனை பாகத்தில் எந்தப் பார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது பதினேழு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.